வியாழன் கோப்பையின் மறுநாள்

ஆலுவாவில் ரயில் நின்றபோது நாங்கள் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்திருந்தோம்.

'நாங்கள்' என்பது சிவப்புச் சட்டை போட்ட ஓர் இங்கிலாந்து கால்பந்து அணி. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். நான் பிறந்த வியாசர்பாடியில் ஒரு காலத்தில் அந்தச் சட்டை காயாத மொட்டைமாடி கிடையாது. அணி அப்போது ஐரோப்பாவின் முதல் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சொந்த லீகிலேயே ஆறாவது, ஏழாவது என்று இறங்கி, ஐரோப்பாவின் இரண்டாம் கோப்பைக்கு வந்து சேர்ந்தது. முதல் கோப்பை ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதனில். இரண்டாம் கோப்பை வியாழக்கிழமைகளில். சட்டைகள் பீரோவுக்குள் போயின. "வியாழக்கெழம டீமுக்கெல்லாம் எவன் கண்ணு முழிப்பான்?" என்று என் அண்ணன் கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டான்.

நான் விடவில்லை. எனக்கு அந்த வியாழக்கிழமை ஆட்டங்கள் பிடித்திருந்தன. வர்ணனையாளரே தடுமாறும் பெயருள்ள ஏதோ ஒரு சின்ன ஊர். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கைகளே இருக்காது, மரங்கள்தான். அந்த ஊர்க்காரர்கள் குழந்தை குட்டியோடு வந்திருப்பார்கள். அவர்கள் வாழ்நாளில் அதுதான் பெரிய ஆட்டம். எங்கள் ஆட்டக்காரர்களோ வேறு யாருடைய கல்யாணத்துக்கோ தெரியாமல் வந்துவிட்டவர்கள்போல மைதானத்தில் நிற்பார்கள். நட்சத்திரங்களை ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்துக்காக வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். தோற்றால் 'இதெல்லாம் ஒரு கோப்பையா' என்பார்கள். ஜெயித்தாலும் கொண்டாடக் கூச்சம். அரையிறுதி வரும்வரை அந்தக் கோப்பை வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வேண்டியதை வேண்டும் என்று சொல்லத் தெரியாத கூட்டம். எனக்கு அது புரியும்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் எனக்கும் மூன்று வயது மகள் யாழினிக்கும் ஒரு வழக்கம் உண்டு. வலது கை நம்முடையது, இடது கை அவர்களுடையது. கோல்களை விரலில் காட்ட வேண்டும். எண் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, அவள் அப்பா வேலைக்காகக் கேரளா போன பிறகு எங்கள் இருவரின் காலை விளையாட்டாகிவிட்டது.

ரயிலில் இரவு அவள் தண்ணீர் கேட்டு எழுந்தபோது கைபேசியில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது, அப்படியே தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் திரையில் பெரிய எழுத்தில் 3–0. சார்ஜ் சொற்பம், சார்ஜர் சென்னையில். என் கணவர் செந்திலின் அழைப்புக்காக மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று இணையத்தை அணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பெரியாறு பழுப்பாக ஓடியது. யாழினி வலது கையில் மூன்று விரலை நிமிர்த்தி, இடது கையை முட்டியாக மூடி, ரயில் பெட்டி முழுக்கக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். கொச்சியில் அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தோடு ஏறக்குறைய முடிந்தார்கள்.

வந்த காரியம் இதுதான். செந்தில் படகுகளுக்கு மின்வேலை பார்க்கிறார். எர்ணாகுளத்தில் ஐந்து ஆண்களோடு ஒரே அறையில் இருக்கிறார். யாழினிக்கு அப்பா என்றால் கைபேசியில் தெரியும் ஒரு நெற்றி. மட்டாஞ்சேரியில் ஒரு மாடிவீடு எங்கள் சக்திக்குள் கிடைப்பதாக இருந்தது. வீட்டுக்காரி ராணி சேச்சி, மாநகராட்சித் துப்புரவுப் பிரிவில் வேலை செய்பவர். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கேயே நிலைத்த குடும்பம். "பெண்ணையும் கொச்சையும் கண்டிட்டு வெள்ளிக்கிழமை பறயாம்" என்று செந்திலிடம் சொல்லியிருந்தார். அவர் பேச்சில் பெண் என்றால் மனைவி, கொச்சு என்றால் குழந்தை, பறயாம் என்றால் சொல்கிறேன். வேறொரு குடும்பமும் அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. கிடைக்காவிட்டால் நான் குழந்தையோடு சென்னைக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு வருடம் அவள் நெற்றியோடுதான் பேச வேண்டும்.

கிடைத்தாலும் பயம்தான். ஈரச் சுவர், கொசு, கைப்பிடி இல்லாத மாடிப்படி, தெரியாத மொழி. ரயில் முழுக்க இதையே யோசித்தேன்.

செந்திலுக்குப் பகல் ஷிஃப்ட். "போட் ஜெட்டியில மட்டாஞ்சேரி போட்ல ஏறிடும்மா, நான் சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துடறேன்" என்றார். நான் வைப்பின் போகும் படகில் ஏறினேன். நடுக்காயலில்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மீன்கூடைக்காரப் பெண்மணி நான் கேட்டதற்கு மலையாளத்தில், "மட்டாஞ்சேரி அந்தப் பக்கம், நீ போவது இந்தப் பக்கம், ஆனால் கவலைப்படாதே, தண்ணீர் ஒன்றுதான்" என்றார். அது ஆறுதலா கேலியா என்று இன்னும் தெரியவில்லை. மறுகரையில் இறங்கி, இன்னொரு படகு பிடித்து, ஆட்டோ ஏறி மட்டாஞ்சேரி போய்ச் சேர்வதற்குள் செந்தில் இரண்டு முறை அழைக்க, கைபேசி அணைந்தேவிட்டது.

வீடு இருந்த லேனின் முனையில் எங்கள் அணியின் கொடி பறந்தது. வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தாலும் எங்கள் கொடிதான். பழைய ஆட்டக்காரர் ஒருவரை ஆளுயரத்துக்குச் சுவரில் வரைந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாழினி அணிந்திருந்ததும் பாரிமுனை நடைபாதையில் வாங்கிய சிவப்புச் சட்டைதான். நம்முடைய ஆட்கள், அதுவும் நேற்று மூன்று பூஜ்யம் ஜெயித்தவர்கள். இன்று இந்த லேன் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி உள்ளே நுழைந்தேன்.

சத்தமே இல்லை.

இஞ்சியும் மிளகும் கலந்த வாசனை கோடவுன்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள். மூட்டை இறக்குபவர்கள், துணி காயப்போடுபவர்கள், படியில் உட்கார்ந்து மத்தி மீன் சுத்தம் செய்பவர்கள். வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. ஒரு ரேடியோகூட இல்லை. வியாசர்பாடியில் கரண்ட் போனால்கூட இவ்வளவு அமைதி வராது. உடனே நாலு பேர் கத்துவார்கள்.

லேன் நடுவில் ஒரு டீக்கடை. கடைக்காரரை எல்லோரும் அஷ்ரப் இக்கா என்று கூப்பிட்டார்கள். இக்கா என்றால் அவர்களுக்கு அண்ணன். புட்டும் கடலைக்கறியும் வாங்கினேன். புட்டை நம்மைப் போலச் சர்க்கரை போட்டு உதிர்க்காமல், குழாய் வடிவம் குலையாமல் தட்டில் வைக்கிறார்கள். யாழினி அதைக் கட்டடம் என்று நினைத்து இடிக்க ஆரம்பித்தாள். சுவரில் தொலைக்காட்சி இருந்தது. அதன்மேல் கட்டம் போட்ட துண்டு போர்த்தியிருந்தார்கள். மேசையில் கிடந்த செய்தித்தாளின் கடைசித் தாளைக் காணோம். இந்த லேனில் சாவு விழுந்திருக்கிறதோ?

கேட்கத் துணிவில்லாமல், பேச்சை நல்லதாகத் தொடங்கலாம் என்று, "நேத்து நைட்டு…" என்றேன்.

"சாயா?" என்றார் அவர், தேவைக்கு மேல் சத்தமாக.

"குடிச்சாச்சு. நேத்து நம்ம டீம்…"

"பழம்பொரி எடுக்கட்டே?" என்று வாழைப்பழ பஜ்ஜித் தட்டைக் காட்டினார்.

பெஞ்சில் இருந்த மூன்று பேர் எழுந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கிளாஸோடு அப்படியே தெருவில் இறங்கி நடந்துபோனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் யாழினி புட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கைகளைத் தூக்கினாள். வலது கையில் மூன்று விரல். இடது கையில் முட்டி.

அஷ்ரப் இக்கா அதைப் பார்த்தார். ஒரு கணம் அவள் சட்டையைப் பார்த்தார். பிறகு கண்களை இறுக்க மூடிக்கொண்டு, "என் படைச்சவனே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பணம் கொடுத்தபோதும் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

வெளியே வந்து நடந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஜன்னல் மூடியது. பிறகு அதற்கடுத்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் நாங்கள் கடக்கும்போது மெஷின் நின்றது. கடந்தபின் மறுபடி ஓடியது. எதிரே வந்த கிழவர் ஒருவர் குழந்தையைக் கண்டதும் குடையை இறக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனார். மழை இல்லை, அவர் பக்கம் வெயிலும் இல்லை. ஆனால் என்னை எல்லோரும் பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. குழந்தையிடமிருந்து கண்ணைத் திருப்பி என் முகத்தில் வைப்பார்கள். உற்றுப் பார்ப்பார்கள். எதையோ கண்டுகொண்டதுபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு மூலையில் நின்று யாழினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் ஏதாவது தடிப்பா? கண் சிவந்திருக்கிறதா? ஊர்க்கண் படக்கூடாது என்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்திருந்தேன். இங்கே யாருடைய கண்ணும் படவே மறுத்தது.

ராணி சேச்சி வேலை முடிந்து வர நேரம் இருந்தது. அந்த லேனில் நிற்கப் பயந்து ஜூ டவுன் பக்கம் போனோம். அங்கே வெளிநாட்டுப் பயணிகள், விலை கேட்பவர்கள், மனிதச் சத்தம். பழம்பொருள் கடை ஒன்றில் நுழைந்தேன். மரக் குதிரைகள், கப்பல் விளக்குகள், ரசம் போன கண்ணாடிகள். கடைக்காரர் சிரித்த முகமாக எழுந்து வந்தவர், சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் நின்றார். அவர் கைபேசி மேசைமேல் குப்புறக் கிடந்தது. யாழினி கைகளை உயர்த்தத் தொடங்கும்போதே அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார்.

திரும்பிய பக்கம் ஆளுயரக் கண்ணாடி. அதில் யாழினி. வேறு பக்கம் திரும்பினார். அங்கேயும் கண்ணாடி, அதிலும் அவள். சின்னதும் பெரியதுமாக, மங்கலும் தெளிவுமாக, கடை முழுக்க என் மகள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். மலையாளத்தில் அவர் கெஞ்சியதைத் தமிழில் தருகிறேன்: "தங்கையே, எனக்கும் ஒரு சாயங்காலம் வேண்டும். கொண்டுபோய்விடு."

நான் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த ஊர் வேண்டாம். உடனே இன்னொன்றும் தோன்றியது: செந்திலிடம் என்ன காரணம் சொல்வேன்? 'எல்லோரும் நம் பெண்ணைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்' என்றா? அவர் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார். நான் மிகையாக நினைக்கிறேனோ? எப்போதும் அப்படித்தானே நினைக்கிறேன்?

எங்கும் போக இடமில்லாமல் கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, அவள் தலையை என் மடியில் கவிழ்த்துக்கொண்டேன். படியில் கைப்பிடி இருந்தது. அதைக்கூட மகிழ்ச்சியாகக் கவனிக்க முடியவில்லை.

புடவைக்கு மேல் மாநகராட்சி கோட்டு போட்ட ஒரு பெரிய உருவம் லேன் முனையில் திரும்பியது. நேராக என்னிடம் வந்தது. அவரும் குழந்தையைப் பார்க்கவில்லை.

"செந்திலோட பெண்ணுதானே? மோளே, முதல்ல கொச்சோட கையைப் பிடி. ரெண்டு கையும். பிடிச்சாச்சா?"

"பிடிச்சிட்டேன் சேச்சி. என் பொண்ணுக்கு என்ன? ஏன் எல்லாரும் இப்படிப் பண்றாங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராணி சேச்சி அப்போதுதான் குனிந்து யாழினியைப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளினார். "இவளா? இவளுக்கு ஒண்ணும் இல்லா. இவ கையிலல்லவா எங்க ஆட்டம் இருக்கு!"

பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சொன்னார். அந்த லேனில் பாதிப் பேர் மூட்டை தூக்குபவர்கள், மீதிப் பேர் விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர்கள். வியாழக்கிழமை ஆட்டம் இங்கே நள்ளிரவுக்கு மேல்தான் வரும். கண் விழித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மூட்டையோடு ஏணியிலிருந்து விழுந்தான் அவருடைய தம்பி, இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு லேன் கூடிப் பேசி முடிவு செய்தது. வியாழன் ஆட்டத்தை யாரும் இரவில் பார்க்கக்கூடாது. வெள்ளி மாலை, எல்லோரும் வேலை முடித்து, தொழுகை முடித்து வந்தபின், பதிவான ஆட்டத்தை அவர் வீட்டுக் கீழ்க்கூடத்தில் ஒன்றாகப் பார்ப்பது. அதுவரை லேனுக்குள் ஸ்கோர் நுழையக்கூடாது. டிவிக்குத் துண்டு. போனில் நெட் கிடையாது. பேப்பரில் விளையாட்டுத் தாளை அஷ்ரப் இக்கா பார்க்காமலே கிழித்து அடுப்பில் போடுவார்.

"ஒரு பகல் முழுக்க எப்படிச் சேச்சி மறைக்க முடியும்?"

"அதல்லவா விசேஷம்! முதல் கோப்பைன்னா முடியாது. ஊரே பறயும், பஸ்ல பறயும், பட்டி பூச்சைகூட, நாய் பூனைகூட பறயும். இந்த ரெண்டாம் கோப்பையை யாரு மோளே மைண்ட் பண்றான்? லேனுக்கு வெளியே ஒருத்தனுக்கும் அறியாது, அறியவும் வேண்டா. நம்ம டீம் கீழே விழுந்ததுல எங்களுக்குக் கிடைச்ச ஒரே லாபம் இது." பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு நீ வந்தே. அஷ்ரப் மூணு விரலும் கண்டான், முட்டியும் கண்டான். எல்லாருக்கும் போன் பண்ணிட்டான், 'சிவப்புச் சட்டைக் கொச்சு ஸ்கோரோட வருது, பார்க்காதே'ன்னு. என்ன ஸ்கோருன்னு அவன் பறயல, ஆனா பாவம், மூணு யாருக்கு, முட்டி யாருக்குன்னு அறியாம சாயால உப்புப் போட்டுட்டு இருக்கான்."

"அப்போ என் மூஞ்சியை ஏன் பார்த்தாங்க?"

"பின்னே? ஜெயிச்சோமா தோத்தோமான்னு உன் மூஞ்சில எழுதியிருக்குமே. அதைப் படிச்சுட்டு லேன் முழுக்க இழவு விழுந்த மாதிரி இருக்கு. உன் மூஞ்சி எப்பவும் இப்படியா?"

எப்பவும் இப்படித்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. 'இல்லை, ஜெயித்தோம்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"வீடு விஷயம் சேச்சி…"

அவர் எழுந்தார். சிரிப்புப் போய்விட்டது. "உள்ளது பறயட்டே? ஒரு பகல் வாயும் கையும் அடக்க முடியாத குடும்பத்துக்கு இந்த லேன்ல வீடு தர எனக்கு மனசில்லா. வீடு கேட்ட மத்தக் கூட்டர் கால்பந்தே பார்க்காது. ஆட்டம் கழியட்டும். அப்புறம் பறயாம்."

மாலையில் செந்தில் வந்தபோது யாழினி ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையா என்று பார்த்தாளோ என்னவோ. நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். "ஸ்கோர் தெரிஞ்சா என்ன, ஆட்டம் அதேதானே?" என்றார். தயவுசெய்து கூடத்தில் வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கூடம் முன்பு சுக்கு வைத்திருந்த கோடவுன். சுவருக்குள்ளேயே காரம் இருந்தது. மூச்சு இழுத்தால் தொண்டை எரிந்தது. கதவைச் சாத்தினார்கள். பெண்கள், ஆண்கள், கைக்குழந்தைகள், பாயிலும் சாக்கிலும். அஷ்ரப் இக்காவும் பழம்பொருள் கடைக்காரரும் எங்களுக்கு முன்வரிசையில். யாழினியை மடியில் வைத்து, அவள் கைகள் இரண்டையும் என் துப்பட்டாவுக்குள் பிடித்துக்கொண்டேன்.

திரையில் ஒரு சின்ன ஊர். பனிமூட்டம். ஒரு கோலுக்குப் பின்னால் கறுத்த மரங்கள். சில சமயம் பந்து மரங்களுக்குள் போய், யாரோ உள்ளேயிருந்து திருப்பி எறிவார்கள். எறியும் ஆள் தெரியாது.

எங்கள் அணி முதல் கோல் போட்டது. கூடம் அதிர்ந்தது. அத்தனை தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. அஷ்ரப் இக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அப்ப வலது கை நாமா! மூணு நமக்கு, முட்டி அவங்களுக்கு!" என்று தன்னை மறந்து கத்தினார். இரண்டாவது. அதற்கும் கூச்சல். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோல் விழுந்தது.

சத்தம் வரவில்லை.

எல்லோரும் மனதுக்குள் என் மகளின் விரல்களை எண்ணி முடித்துவிட்டார்கள். வலது கையில் இனி விரல் இல்லை. இடது கை முட்டி. ஆட்டத்தில் கிட்டத்தட்ட பாதி நேரம் இன்னும் இருந்தது, ஆனால் அதில் இனி ஒன்றும் நடக்காது என்று அந்தக் கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. திரையில் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். செத்தவர்கள் ஓடுவதைப் பார்ப்பதுபோல அவர்களைக் கூடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கழிஞ்சு" என்றார் ஒருவர். சாக்கைச் சுருட்டினார். இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். "ஜெயிச்சாச்சில்ல, வா போகாம்." ராணி சேச்சி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். ஜெயித்த நாளில் இவ்வளவு வாடிய முகத்தை நான் பார்த்ததில்லை. மற்றக் குடும்பம்தான் இனி அந்த மாடியில் துணி காயப்போடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செந்தில் என் கையை மெல்லத் தட்டினார். அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் கேஸை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். அந்த நேரத்திலும் அந்தப் புத்திதான் வேலை செய்தது. நான் பார்த்தது என்ன? 3–0. எப்போது பார்த்தேன்? காலையில். ஆனால் பக்கத்தைத் திறந்தது இரவில். காலையில் நான் எதையும் புதிதாகத் திறக்கவில்லையே. இரவில் சுற்றிக்கொண்டிருந்தது நான் தூங்கியபின் வந்து நின்றிருந்தால், அது ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது இருந்த ஸ்கோர்தானே?

"சேச்சி, ஒரு நிமிஷம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "யாரும் போகாதீங்க. நான் பார்த்தது முடிவான ஸ்கோர் இல்லாமகூட இருக்கலாம்."

கதவருகே நின்றவர்கள் நின்றார்கள்.

"இருக்கலாம்னா?" என்றார் ராணி சேச்சி.

"நைட்டு ரயில்ல திறந்த பக்கம். பாதி ஆட்டத்துல அப்படியே நின்னுருக்கலாம். இல்ல, முடிஞ்சதாகவும் இருக்கலாம்."

"மோளே, உறப்பா பறயு" என்றார் அஷ்ரப் இக்கா. உறுதியாகச் சொல் என்று அர்த்தம்.

"எனக்கு எதுவுமே உறுதியில்ல இக்கா."

யாரோ சிரித்தார்கள். ஒருவர், "பார்த்துட்டாப் போச்சு" என்று போனை எடுத்தார். "உள்ள வைடா! எடுத்த கையை ஒடிப்பேன்!" என்று ராணி சேச்சி போட்ட சத்தத்தில் யாழினி துள்ளினாள். சாக்குகள் மறுபடி விரிந்தன.

அதற்குப் பின் நடந்ததை நான் நினைக்க விரும்புவதில்லை; நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மரங்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு கார்னர். பந்து பனிக்குள் எழுந்து மறைந்து, வலைக்குள் கிடந்தது. அந்தச் சின்ன ஊர் அலறியது. கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரைப் பார்ப்பது? அந்த ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது. அந்த மைதானத்தில் இப்போது விளக்குகூட எரியாது. காலையிலிருந்து அது எனக்குத் தெரிந்த ஆட்டம், என் மகளின் கையில் பத்திரமாக இருந்தது. இப்போது அது என்னைக் கேட்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. என் துப்பட்டாவுக்குள் அவளுடைய மூடிய முட்டி சூடாக இருந்தது.

இரண்டாவது விழுந்தது. எங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய அணிகள் இந்தக் கோப்பையில் பயப்படும்போது அப்படித்தான் பார்ப்பார்கள். இவர்களிடமா, இந்த ஊரிலா என்று. கூடம் எழுந்து நின்றது. திட்டினார்கள், வேண்டினார்கள், கோல்கீப்பருக்கு வழி சொன்னார்கள். நேற்றைய கோல்கீப்பருக்கு. கடைசி நிமிடத்தில் மூன்றாவது. விசில். மூன்றுக்கு மூன்று. எங்கள் கோல்கீப்பர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே இல்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அழுதார்.

கதவைத் திறந்தார்கள். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த சத்தம் முழுவதும் லேனில் கொட்டியது. ஜன்னல்கள் திறந்தன, ரேடியோ பாடியது, பயிற்சியாளரின் ஏழு தலைமுறையும் இழுக்கப்பட்டது. அஷ்ரப் இக்கா யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு சந்தோஷமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் ராணி சேச்சியிடம் போனேன். "தப்பு என்மேலதான் சேச்சி. தெரியாம…"

"தப்பா? நீ மட்டும் 'ஆமா, முடிஞ்சுது'ன்னு அடிச்சுப் பறஞ்சிருந்தா, நாங்க எல்லாம் ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுச் சோறு தின்னிருப்போம்."

"அது நல்லதுதானே?" என்றார் செந்தில்.

அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அஷ்ரப் இக்கா, "இவனுக்கு வீடு வேண்டா சேச்சி, பெண்ணுக்கும் கொச்சுக்கும் மட்டும் குடுங்க" என்றார்.

ராணி சேச்சி சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உறப்பில்லாததை உறப்புன்னு பறயாத ஒருத்தி மேல குடியிருக்கிறது நல்லதுதான். வந்து இரு மோளே. ஆனா ஒரு கண்டிஷன். சாமான் வண்டி வெள்ளிக்கிழமை மட்டும் வரக்கூடாது. டிரைவர் வாயைத் திறந்தான்னா தீர்ந்துது."

மறுநாள் சனிக்கிழமை, அதே லேனில் நடக்க அரை மணி நேரம் பிடித்தது. வீட்டுக்கு வீடு நிறுத்தி யாழினியைக் கொஞ்சினார்கள். குடைக்காரக் கிழவர் அவளுக்கு ஒரு நேந்திரம் பழம் கொடுத்தார். சேச்சி வீட்டு மத்திக் கறியில் குடம்புளி போட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது, அவள் துப்பினாள். பருமனான சிவப்பு அரிசியை அவள் ஒவ்வொன்றாக எண்ணிச் சாப்பிட்டதில் மதியம் முழுக்கப் போயிற்று. மாடிச் சுவரில் ஈரம் இருந்தது. கொசுவும் இருந்தது. இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது சரிதானா என்று ரயிலில் திரும்பும்போது யோசித்தேன்.

ஊருக்கு வந்ததும் அத்தை, செந்திலின் அம்மா, பஞ்சாங்கத்தோடு காத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை புது வீட்டில் பால் காய்ச்ச அருமையான நேரமாம்.

"வெள்ளிக்கிழமை வேணாம் அத்தை. புதன்கிழமை வச்சுக்கலாம்."

"வெள்ளிக்கிழமையை எவளாவது வேணாம்பாளா? யார் சொன்னது?"

"வீட்டுக்காரம்மா. அந்தத் தெருவுல வெள்ளிக்கிழமை ஆகாதாம்."

அத்தை பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முதல் முறையாக, யோசிக்காமல்.